ஊற்றுக்கு வைத்த சூடு

மஸ்தானய்யா மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்த அன்றைக்குத்தான், அவருக்கு வலது கண்ணில் பார்வை இல்லை என்பது அலிவேலுவுக்குத் தெரிய வந்தது. அவளையும் மேஸ்திரியையும் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குண்டூர் மிளகாய் யார்டில் அவரோடு மூட்டை தூக்குகிற செட்டு ஆட்கள் ஒரு பருவம் முழுக்க அதை மேஸ்திரி காதுக்குப் போகாமல் காப்பாற்றி வந்திருந்தார்கள். லாரிக்குப் பலகை போட்டிருக்கும் இடத்தில் ஒருத்தன் நின்றுகொண்டு, "அண்ணே, வலப்பக்கம் மச்சினிச்சி நிக்கிறா, இடிச்சுடாதே" என்பான். தூண் இருக்கிறது என்று அர்த்தம். "மாமியா காலடியில படுத்திருக்கா" என்றால் கீழே மூட்டை கிடக்கிறது. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி வைத்துப் போவார். அன்றைக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டியவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.

தோள்பட்டை எலும்பு உடைந்து, கட்டுப் போட்டு, ஆட்டோவில் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தபோது, கூட மூட்டை தூக்குகிற யேசோபுதான் அலிவேலுவிடம் உண்மையைச் சொன்னான்.

"ஏண்டா, என் கையால புளிச்சக்கீரைச் சோறு வாங்கித் தின்னுட்டு என்கிட்டயே மறைச்சியா?"

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா செட்டுலேருந்து எடுத்துடுவான். நான் என்ன செய்யட்டும்?"

"கண்ணு தெரியாத மனுஷன மூட்டையோட பலகை ஏத்தியிருக்க. உன் சத்தியத்தக் கொண்டுபோய்க் கால்வாயில போடு."

கட்டிலில் இருந்து மஸ்தானய்யா, "அவனை விடு அலிவேலு. அவன் சொல்லித்தான் இத்தனை நாள் விழாம இருந்தேன்" என்றார்.

யேசோபு வாசலிலேயே நின்றான். அவன் சட்டையிலிருந்து மிளகாய் நெடி வந்துகொண்டிருந்தது. ஏட்டுக்கூரு சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அந்த நெடி எல்லா வீட்டிலும் இருக்கும். பங்குனி, சித்திரையில் மிளகாய் வரத்து ஏறினால் பாலில்கூட அது தெரியும். பிறந்த குழந்தை தும்மினால்தான் நம்ம ஊர்க் குழந்தை என்பார்கள்.

அந்தத் தூசிதான் மஸ்தானய்யாவின் கண்ணுக்கு எதிரி. யார்டில் சேர்ந்த நாளிலிருந்தே சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டு கண்ணும் தேஜா மிளகாய்போலவே சிவந்திருக்கும். யாரோ சொல்லி, மருந்துக் கடையில் அலிவேலு ஒரு சொட்டு மருந்து வாங்கினாள். நீல மூடி போட்ட சின்னப் புட்டி. அதை விட்டதும் எரிச்சல் அடங்கியது, மறுநாள் காலையில் கண் பால்போல வெளுத்திருந்தது. அப்புறம் அவள் அதை விடவில்லை. தீரத் தீர வாங்கினாள். கடைக்காரன் அவள் தலையைப் பார்த்ததுமே புட்டியை எடுத்து வைத்துவிடுவான். மகளைக் கட்டிக்கொடுத்து நரசராவுப்பேட்டைக்கு அனுப்பிய பிறகும் அது நடந்தது. மஸ்தானய்யா குளித்துவிட்டு வந்து அவள் மடியில் தலை வைத்துப் படுப்பார். அவள் இமையை விரலால் பிரித்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு விடுவாள். "அப்பாடா" என்று அவர் ஒரு மூச்சு விடுவார். பேச்சுக் குறைந்த மனிதர் அவர். நாளெல்லாம் மூட்டை தூக்கியவருக்கும், நாளெல்லாம் மிளகாய்க்குக் காம்பு கிள்ளியவளுக்கும் இடையில் அந்த மூச்சுதான் பேச்சு.

தோள் ஆறியதும் அவரைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமாகப் பேசுகிறவள். கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தாள், உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"இவருக்கு ஏதாவது சொட்டு மருந்து போடுறீங்களா?"

அலிவேலு முந்தானை முடிச்சை அவிழ்த்து நீல மூடிப் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. புருஷனை நான் கவனிக்காமல் விடவில்லை பார் என்கிற மாதிரி.

"எவ்வளவு காலமா?"

"என் மக சமைஞ்ச வருஷத்துலேருந்து போடுறேன். இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளைங்க."

டாக்டரம்மா புட்டியை மேசையில் வைத்தாள். அப்புறம் சொன்னாள். அது கெட்ட மருந்து இல்லை. ஆனால் டாக்டர் சொல்லாமல் வருஷக்கணக்கில் விடக்கூடாத மருந்து. சில பேருக்கு அது கண்ணின் வடிகாலை அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துவிடும். வலிக்காது, தெரியாது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம் இருக்கிறது.

"நான் போட்டதாலயா?" என்றாள் அலிவேலு.

"நீங்க தெரிஞ்சா போட்டீங்க?" என்றாள் டாக்டரம்மா. அது பதில் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அந்த வருஷம் இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. வெள்ளை விழியில் ஒரு வழி வெட்டி, தண்ணீர் வெளியே கசிய விட்டார்கள். மழைக்காலம்வரை நன்றாக இருந்தது. பிறகு அந்த வழி தானே மூடிக்கொண்டது. அதே கண்ணில் இன்னொரு பக்கம் வெட்டினார்கள். அதுவும் தைப்பொங்கலுக்குள் மூடிக்கொண்டது. சில உடம்பு அப்படித்தான், புண்ணை ஆற்றுகிற அவசரத்தில் திறந்த வழியையும் அடைத்துவிடும் என்றாள் டாக்டரம்மா. மஸ்தானய்யாவின் உடம்பில் எந்தக் காயமும் சீக்கிரம் ஆறும் என்று அலிவேலு அக்கம்பக்கத்தில் பெருமை பேசியவள்தான்.

அதற்குள் செத்துப்போன வலது கண்ணில் வலி வந்தது. அது சாதாரண வலி இல்லை. மத்தியானம் சோற்றில் கை வைத்திருப்பார், திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் போய் முட்டுவார். வாந்தி எடுப்பார். மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டாலும் முனகாத மனிதர், "இதைத் தோண்டி எடுத்துடச் சொல்லு, அலிவேலு. தெரியாத கண்ணு எனக்கு எதுக்கு?" என்று அழுதார். யேசோபு வந்து அவர் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வான். வெளியே ஓட்டின்மேல் மழை கொட்டும்.

தோண்ட வேண்டாம், லேசர் வைத்துப் பார்க்கலாம் என்றாள் டாக்டரம்மா. அலிவேலுவுக்கும் புரியும்படி சொன்னாள்.

"உங்க ஊர் எதும்மா?"

"எங்க அப்பா ஊரு மாசர்லா பக்கம். கால்வாய்க் கடைமடை."

"அப்ப உங்களுக்குச் சுலபம். கண்ணுக்குள்ள ஒரு ஊத்து இருக்கு. அது ஓயாம தண்ணி சுரக்கும். வடிகால் வழியா அது போயிடணும். இவருக்கு வடிகால் தூர்ந்து போச்சு. இடது கண்ணுல ரெண்டு தடவை புதுசா வெட்டிப் பாத்தோம், தூர்ந்துடுச்சு; இதுலயும் அப்படித்தான் ஆகும். இனிமே வடிகாலை விட்டுட்டு ஊத்தைக் குறைக்கணும். வெளியிலேருந்தே லேசர் வச்சு அந்த ஊத்துல பாதியைச் சுட்டுடுவோம்."

"சுட்ட ஊத்து மறுபடி சுரக்குமா?"

"சுரக்காது. அதனாலதான் இதைக் கடைசியில வச்சிருக்கோம்."

வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, பேனாபோல ஒன்றை வெள்ளை விழியில் அழுத்தி அழுத்தி, கருவிழியைச் சுற்றிச் சூடு வைத்துக்கொண்டே போனார்களாம். "கடுகு வெடிக்கிற மாதிரி உள்ளுக்குள்ள பொட்டு பொட்டுன்னு சத்தம்" என்றார் மஸ்தானய்யா வெளியே வந்து. சில நாளில் வலி நின்றுவிட்டது. அவர் மறுபடியும் சாப்பிட்டார். ஆவக்காயும் பருப்பும் போட்டுப் பிசைந்து மூன்று உருண்டை தின்று ஏப்பம் விட்டார். சந்தே பார்த்துச் சந்தோஷப்பட்டது.

அந்தச் சந்தோஷம் மாசி வரைக்கும். இடது கண்ணின் அழுத்தம் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அவருக்குத் தெரிந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. எதிரே அலிவேலு உட்கார்ந்தால் அவள் கண்ணைப் பார்ப்பார், இல்லாவிட்டால் வாயைப் பார்ப்பார். இரண்டும் சேர்ந்து தெரியாது.

"இந்தக் கண்ணுக்கும் அதையே வைக்கணும்" என்றாள் டாக்டரம்மா. "போன தடவை மாதிரி ஒரேயடியா வேக வைக்க மாட்டோம். விட்டு விட்டுச் சூடு வைக்கிற வழி ஒண்ணு இருக்கு. நடுநடுவுல கண்ணு ஆறிக்கும். கீழ்ப் பாதி மட்டும் வைப்போம். பத்தலைன்னா பொறவு பாக்கலாம்."

"வச்சா பார்வை நிக்குமா?" என்று மஸ்தானய்யா கேட்டார்.

"நிக்கலாம். சில பேருக்கு உள்ள வீங்கி, இருக்கிறதும் குறையும். ஊத்து அளவுக்கு மேல அடங்கிட்டா கண்ணு வத்திச் சுருங்கவும் சுருங்கும். அதிகம் இல்ல, ஆனா நடக்கும். நான் மறைக்க மாட்டேன்."

"வைக்கலைன்னா?"

"வைக்கலைன்னா போறது நிச்சயம். எப்பன்னுதான் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் பேச்சு ஆரம்பித்தது. சந்தில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். பொட்டிக்கடை லட்சுமய்யா, சுடவே கூடாது என்றான். அவன் மச்சானுக்குத் தெனாலியில் எதையோ சுட்டு ஆள் படுத்த படுக்கையாகிவிட்டானாம். "உன் மச்சானுக்குச் சுட்டது மூலத்துக்கு. அதையும் இதையும் ஒண்ணாக்காதே" என்று யேசோபு கத்தினான். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மஸ்தானய்யா சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு அலிவேலு கேட்டாள்.

"என்ன மாமா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"என்னத்தச் சொல்ல? இந்த வட்டத்துக்குள்ள இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கிறேன்னு ஒரு மனசு சொல்லுது. வச்சுத் தொலைன்னு ஒரு மனசு சொல்லுது."

"உன் கண்ணு. நீதான் சொல்லணும்."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். அந்தச் சின்ன வட்டத்தால் அவள் முகத்தைத் தேடினார்.

"இத்தனை வருஷம் நீ மருந்த எடுத்தா நான் தலைய நீட்டினேன். என்ன மருந்துன்னு ஒரு நாள் கேட்டிருப்பேனா? இதுக்கும் நீயே சொல்லு. நீட்டுறேன்."

அது ஒன்றுதான், அந்த மருந்தைப் பற்றி அவர் அவளிடம் சொன்ன சொல். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவர் சாதாரணமாகச் சொன்னார். அலிவேலு எழுந்து போய் அடுப்படியில் பாத்திரம் துலக்கினாள். துலக்கியதையே மறுபடியும் துலக்கினாள். சாம்பலும் கையுமாக வந்து நிலைப்படியில் நின்று, "வச்சுடலாம் மாமா" என்றாள்.

லேசர் வைத்து முடித்து, கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்தபோது வட்டம் அப்படியே இருந்தது. அலிவேலு ஆஸ்பத்திரிக் கோவில் பிள்ளையாருக்குத் தலையில் குட்டிக்கொண்டாள். மருந்துகளை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். எதை எத்தனை தடவை என்று நர்ஸ் கடகடவென்று சொன்னாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அலிவேலு பையைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே நீல மூடி போட்ட சின்னப் புட்டி.

அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளின் வளைவும் நெளிவும் இத்தனை வருஷமாகக் கையில் வைத்துப் பார்த்தவை. அதே பெயர், அதே கம்பெனி. ஆட்டோவை நிறுத்தி, அவரை அதிலேயே உட்கார வைத்துவிட்டு ஓடினாள். டாக்டரம்மா ஆபரேஷன் அறையில் இருந்தாள். நர்ஸ் சன்னல் வழியாகப் பார்த்தாள்.

"இந்த மருந்து தப்பா வந்துடுச்சு தாயி."

"எது? இதுவா? சரியாத்தான் இருக்கு. இதுதான் முக்கியம். மறக்காம போடு."

"இதப் போட்டுத்தான் எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு போச்சு."

"எழுதினவங்க டாக்டரு. உனக்குத் தெரியுமா, அவங்களுக்குத் தெரியுமா? பின்னால ஆளு நிக்குது, வழி விடு."

அலிவேலு வந்து ஆட்டோவில் ஏறினாள். "என்னாச்சு?" என்று அவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, துண்ட மறந்துட்டேன்" என்றாள்.

மற்ற மருந்துகளையெல்லாம் நேரம் தவறாமல் விட்டாள். நீல மூடியை மட்டும் திறக்கவில்லை. நேரம் வரும்போது அதைக் கையில் எடுப்பாள். விரல் மூடியைத் திருகாது. அவர் மடியில் தலை வைத்து, இமையைத் திறந்து காத்துக்கொண்டிருப்பார். அலிவேலு சொம்பிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீரை எடுத்து ஒரு சொட்டு விடுவாள். "இது குளுகுளுன்னு இல்லையே" என்றார் ஒருமுறை. "இது வேற மருந்து" என்றாள். திங்கட்கிழமை கண்ணைக் காட்டப் போகும்போது டாக்டரம்மாவிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் கண் சிவந்தது. முதலில் மிளகாய்த் தூசி என்றே நினைத்தாள். பிறகு வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறது என்றார். பிறகு, "வட்டத்துக்குள்ள புகை மூட்டமா இருக்குது, அடுப்புல என்ன வச்சிருக்க?" என்றார். அடுப்பு எரியவே இல்லை. அலிவேலு யேசோபுவைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அந்தச் சொட்டு மருந்து போட்டீங்களா?" என்றாள். அலிவேலு மூடி திறக்காத புட்டியை மேசையில் வைத்தாள்.

"ஏம்மா?"

"இது அதே மருந்தும்மா. இதப் போட்டுத்தானே..."

டாக்டரம்மா புட்டியைப் பார்த்தாள். அலிவேலுவைப் பார்த்தாள். கைகளால் தன் முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"சூடு வச்ச இடம் உள்ள புண்ணும்மா. அது ஆறுற வரைக்கும் இந்த மருந்துதான் வேணும். கொஞ்ச நாளைக்கு, எங்க கண்ணு முன்னால. போன தடவை வலது கண்ணுக்குப் போட்டதும் இதே மருந்துதான், வேற கம்பெனி. இத நான் உங்களுக்கு உக்கார வச்சுச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள், மணிக்கு ஒரு தடவை அதே மருந்தை விட்டார்கள். வீக்கம் வடிந்தது. அழுத்தமும் டாக்டரம்மா நினைத்த இடத்துக்கு இறங்கி நின்றது. லேசர் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் புகை விலகவில்லை. சன்னல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்தது. முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான் மிஞ்சியது.

"நான் மருந்து போடாததாலயா?" என்று அலிவேலு வராந்தாவில் டாக்டரம்மாவை மறித்துக் கேட்டாள்.

"இருக்கலாம். போட்டிருந்தாலும் சில கண்ணு இப்படி ஆகும். எதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"சொல்லிடும்மா. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்."

"தெரிஞ்சா சொல்லுவேன்மா. எனக்குத் தெரியல."

வீட்டுக்கு வந்த அன்று, அவருக்குச் சோறு ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு அலிவேலு எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் விட்டதைச் சொன்னாள். துண்டை மறந்தேன் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். மஸ்தானய்யா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. வைகாசியில் ரோகிணி வெயில் வந்தது. கூரை ஓடு வெடித்துவிடும்போல் காய்ந்தது. யார்டு கோடை விடுமுறைக்கு மூடியது. யேசோபு வந்து அண்ணனைக் கைப்பிடித்துத் தெருமுனைவரை நடக்க வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். அவனோடு இரண்டு வார்த்தை பேசுவார். அலிவேலு வைத்த சோற்றைத் தின்பார். அவள் மருந்து எடுத்து வந்தால் தலையை நீட்ட மாட்டார். புட்டியைத் தானே வாங்கிக்கொண்டு, அண்ணாந்து, தடவித் தடவி விட்டுக்கொள்வார். பாதி கன்னத்தில் வழியும். அலிவேலு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு. மகள் வந்து நாலு நாள் இருந்து, அம்மாவுக்காக அப்பாவிடம் பேசிப் பார்த்து, அழுதுவிட்டுப் போனாள்.

மறுபடியும் மிளகாய் வரத்து ஆரம்பித்த பிறகு ஒரு காலை. காம்பு கிள்ளும் பெண்களை ஏற்றிப்போகும் டிராலி ஆட்டோ சந்து முனையில் ஒலி எழுப்பியது. அலிவேலு சோற்றுத் தூக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கட்டிலில் இருந்தவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நானும் வர்றேன்."

அவருடைய குரல் தன்னை நோக்கி வருவதை நம்பாமல் அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்க மாமா?"

"காம்பு கிள்ள. அதுக்குக் கண்ணு எதுக்கு? விரல் போதாதா?"

"அது பொம்பளைங்க வேலை மாமா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வீட்டுக்குள்ள ஒருத்தரும் சிரிக்கலையே."

கொட்டகையில் பெண்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள், அந்தப் பெரிய உடம்பு அலிவேலுவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார்கள்.

"வாங்க அண்ணே, வளையல் போட்டு விடட்டுமா?" என்றாள் ஒருத்தி.

"என் கைக்கு எங்க வளையல் கிடைக்கும்? உன் இடுப்பு ஒட்டியாணத்தக் கழட்டிக் குடு" என்றார் மஸ்தானய்யா. கொட்டகை அதிர்ந்தது. அவரை ஒரு குவியல் முன்னால் உட்கார வைத்தார்கள். அலிவேலு அவர் முகத்தில் துணியைக் கட்டிவிட்டாள். இந்தத் தடவை அவர் தலையை நீட்டினார்.

மூட்டை பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குக் காம்பு பிடிபடவில்லை. காயையே ஒடித்தார். விதை சிதறியது. மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் எரிந்தது. அவர் நிறுத்தவில்லை. சுற்றிலும் பெண்கள் வீட்டுக் கதை, ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு காயாக எடுத்து, தடவி, கிள்ளி, முன்னால் போட்டார்.

காம்பு கிள்ளும்போதே வெளுத்த காயைத் தனியாகப் பொறுக்கிவிட வேண்டும். சிவப்போடு வெள்ளை கலந்தால் மிளகாய் வாங்குகிற சேட்டு குவியலையே தள்ளிவிடுவான். அது விரலுக்குத் தெரியாது. அலிவேலு சத்தம் போடாமல் கையை அவர் குவியலுக்குள் விட்டு, வெளுத்த காய்களைப் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். ஒருமுறை அவள் கை உள்ளே போனபோது அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன எடுக்கிற?"

"ஒண்ணுமில்ல மாமா. சருகு."

அவர் கையை விடவில்லை. எரிகிற விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"அலிவேலு. இனிமே எனக்கு எது சிவப்பு, எது வெள்ளைன்னு நீ சொன்னாத்தான் உண்டு. உள்ளதச் சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

அவள் தன் மடியைப் பார்த்தாள்.

"வெள்ளை நெறய இருக்குது மாமா" என்றாள்.

"ம்" என்றார் அவர். கையை விட்டுவிட்டு, அடுத்த காயை எடுத்தார்.